கையெழுத்துக்கு முன்னால் ஐந்து வார்த்தைகள்

நாலு வருஷமாக என் பையில் ஒரு ஆங்கிலம்–தமிழ் அகராதி கிடக்கிறது. ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி. அதில் டிபன் பாக்ஸோடு அகராதியும் தெரியும். "இன்னாம்மா, பரீட்சைக்கா போறே?" என்று செக்யூரிட்டி தினமும் கேட்பார். எனக்கு உள்ளூரப் பெருமைதான். நோட்டீஸ் எது ஒட்டினாலும் லைனில் இருக்கும் பெண்கள் என்னிடம்தான் வருவார்கள்.

அகராதி பார்ப்பது லேசுப்பட்ட வேலையில்லை. கே முதலில் வருமா, எல் முதலில் வருமா என்று இன்றைக்கும் மனசுக்குள் பாடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்தோ பொடிப்பொடியாக இருக்கும். ஒரு சொல்லுக்கு ஐந்து அர்த்தம் போட்டுவிட்டு, உனக்கு வேண்டியதை நீயே பொறுக்கிக்கொள் என்று விட்டுவிடுவான் அகராதி போட்டவன். சில அர்த்தங்களைப் புரிந்துகொள்ள இன்னொரு தமிழ் அகராதி வேண்டும். தூக்கி எறியலாமா என்று வரும். ஆனால் தேடிப் போகாத சொல் ஒன்று வழியில் கண்ணில் படுமே, அந்தச் சுகமே தனி!

என் ரூமில் இருந்த பெண்ணும் எங்கள் தென்காசிப் பக்கம்தான், என்னைவிட ஆறு வயது சின்னவள். பிரஸ் மெஷினில் அவள் விரல் நசுங்கி, கட்டோடு பத்து நாள் ரூமில் கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். இந்த வேலையை நம்பித்தான் தங்கச்சியைக் காலேஜில் சேர்த்திருந்தாள். போன மாதம் ஒருநாள் மத்தியானம், ஷிஃப்ட் முடிந்ததும் ஹெச்.ஆர். மேடம் அவளைக் கூப்பிட்டார். "நீயும் வாக்கா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆங்கிலத்தில் ஒரு பக்கம். "லீவுக்கான ஃபார்மாலிட்டிதான். சைன் பண்ணிட்டுக் கிளம்புங்க" என்றார் மேடம். தெரியாத சொற்கள் ஐந்து இருந்தன. அகராதியைப் பிரித்தேன். அந்த அம்மாவிடமே அர்த்தம் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே! முதலில் 'அக்கார்டு': இசைவு, விருப்பம். அதற்குக் கொஞ்சம் கீழே 'அக்கார்டியன்', கூடவே சின்னப் படம். பழைய சினிமாப் பாட்டில் கழுத்தில் மாட்டி இழுத்து இழுத்து வாசிப்பார்களே, அந்தப் பெட்டிக்கு இதுவா பேர் என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். பாவி, அந்த ஒரு நிமிஷம்.

மூன்றாவது சொல்லில் இருக்கும்போது கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் கேட்டால் எங்களுக்குக் கால் தானாக ஓடும். சாப்பாட்டைப் பாதியில் மூடியிருக்கிறோம், கை கழுவாமல் ஏறியிருக்கிறோம். பஸ் போனால் போகட்டும், ரோட்டுக்கு நடந்தால் ஷேர் ஆட்டோ கிடைக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

"போட்டுருட்டி. மிச்சத்தை பஸ்ல பாத்துக்கிடலாம்" என்றேன். கட்டுப் போட்ட விரலை மடக்காமல், நீட்டியபடியே கையெழுத்துப் போட்டாள். மிச்சம் இரண்டு சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினேன்.

கேட்டில் திரும்ப வாங்கிய போனைப் பஸ்ஸில் நீட்டி அவள், "போன்லயே பாருக்கா, சட்டுனு வரும்" என்றாள். எனக்கு ரோஷம். அகராதியைத்தான் பிரித்தேன். வண்டி பாலம் ஏறும்போது கடைசிச் சொல் கிடைத்தது. 'ரெலின்க்விஷ்': விட்டுக்கொடு, கைவிடு, துற. வரிகளை மனசுக்குள் கோத்துப் பார்த்தேன். சொந்த விருப்பத்தில் வேலையை விட்டுவிடுகிறேன் என்று இவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"என்னக்கா போட்டிருக்கு?"

"இந்தச் சொல்லு இதுல இல்லட்டி."

"உன் புஸ்தகத்துலயே இல்லையா? அப்போ பெரிசா ஒண்ணும் இருக்காது" என்று சிரித்தாள்.

வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அப்போதே திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன் என்று எனக்கே சொல்லிச் சொல்லி, ராத்திரி அவள் போட்ட தோசையையும் தின்றேன்.

மறுநாள் காலை யூனிஃபார்ம் போட்டு, ஒரு கையால் ஜடை பின்ன முடியாமல் என்னைப் பின்னிவிடச் சொன்னாள். பின்னிவிட்டேன்.

கேட்டில் அவள் கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. மறுபடி வைத்தாள். செக்யூரிட்டி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இன்னாம்மா, நீ நேத்தே நின்னுட்டேன்னு போட்டுக்கீது?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"யக்கா, உனக்குத் தெரியுமா?"

பின்னால் வரிசை தள்ளியது. ஷிஃப்டுக்கு மூன்று நிமிஷம்தான் இருந்தது. என் கார்டை வைத்தேன். கதவு திறந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.