ஆடியில் பிடுங்கிய நிலை

கடல் கடந்து வந்து குடியேறிய வென்ட்வேர்த்வில்லிலும் பவளத்தின் வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் சுவரில் ஓர் ஆணிகூட ஏறியதில்லை. பார்ப்பவர் கணவர் இராசையா. 2012இல் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் செயலிழந்து, ஐந்து மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவர் தலையணைக்குக் கீழே பஞ்சாங்கம் இருந்தது. இருபத்தைந்து வருடம் பேசிய இங்கிலீசு அடியோடு போய்விட்டது. தமிழ் மட்டும் குழறலாக மிஞ்சியது. ஆனால் நல்ல நேரம் பார்க்கிற மூளைக்கு ஒரு குறையும் வரவில்லை!

வீட்டுக்கு ஏறப் பதினொரு படி. சரிவில் கட்டிய வீடு என்பதால் பின்பக்கம், வீட்டுக்கு அடியில், ஆள் குனிந்து நிற்கிற அளவுக்கு வெற்றிடம் இருந்தது. மண்ணும் உடைந்த கதிரை மேசைகளும் எலியும் அங்கே குடியிருந்தன. அதை அறையாக்கினால் அவரை வீட்டுக்குக் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் நேர்சிங் ஹோம் என்கிற முதியோர் காப்பகம். பவளம் சமையல் வேலை செய்வதே ஒரு நேர்சிங் ஹோம் குசினியில்தான். பாஷை தெரியாத கிழவர்கள் தண்ணீர் கேட்க வழியில்லாமல் நாள் முழுக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தினமும் காண்பவர்.

"என்ரை மனிசனை அங்கை விடமாட்டன்," என்று மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

தச்சு வேலைக்குச் சிவமணி வந்தார். இருவருமாக ஒன்றரை அடி மண் தோண்டினார்கள். கொங்கிரீட் போட்டு, ஈரம் ஏறாமல் தடுப்பு வைத்து, திறந்து கிடந்த பின்பக்கத்தைப் பலகைச் சுவரால் அடைத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து உத்தரவு வந்தது.

"நாளைக்குக் காலமை ஏழு இருபது. வாசல் நிலையை வை. விட்டால் ஆடி பிறந்திடும்."

ஆடியில் யாராவது நிலை வைப்பார்களா? ஒரே இரவில் புது நிலைக்கு எங்கே போவது? கராஜில் கிடந்த பழைய நிலையைத் துடைத்து, மஞ்சள் பூசி, அடியில் ஒரு பொட்டுத் தங்கம் வைத்து, ஏழு இருபதுக்கு நிறுத்தினார்கள். அளவை ஒருவரும் பார்க்கவில்லை. நேரம் சரி, அது போதும் என்று இருந்துவிட்டார்கள், புத்திசாலிகள்!

அடுத்த புதன்கிழமை வீட்டைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். தரையைப் பார்த்துத் தலையாட்டினாள். வாசலில் அளவு நாடாவைப் பிடித்ததும் முகம் மாறிற்று. சக்கர நாற்காலி நுழைய நான்கு விரல் அகலம் குறைந்தது. வெள்ளி இரண்டு மணிக்கு மறுபடி வருவாளாம். அப்போதும் சரியில்லையென்றால், நேர்சிங் ஹோமில் காலியாகக் கிடக்கிற கட்டில் இராசையாவுக்குத்தான்.

"புது நிலையை நான் வைச்சுத் தாறன் அன்ரி," என்றார் சிவமணி. "ஆனால் வைச்சதைப் பிடுங்க என்னைக் கேக்காதேங்கோ. அதுவும் ஆடியிலை! குடும்பத் தலைவருக்கு ஆகாது. அங்கிள் ஏற்கெனவே கட்டிலிலை..."

பவளமும் அதே நம்பிக்கையில் வளர்ந்தவர்தானே. பிடுங்கினால் மனிசனின் உயிருக்குப் பயம். பிடுங்காவிட்டால் நேர்சிங் ஹோம். அவரிடமே கேட்கலாம்தான், வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. கேட்கவில்லை.

வியாழன் பவளம் அரைநாள் லீவு போட்டு வந்து சேர மணி ஒன்றரை. சரியாக இராகு காலம் தொடங்குகிற நேரம். சிவமணி புது நிலையை வெளியே சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மூண்டு மணி வரைக்கும் பொறுங்கோ அன்ரி."

"மூண்டுக்குத் தொடங்கினால் நாளைக்கு ரெண்டுக்குள்ளை முடியுமோ?"

சிவமணி நிலத்தைப் பார்த்தார். "கஸ்ரம்தான்."

"பிடுங்கினால் ஆருக்கு ஆகாது எண்டனீர்?"

"குடும்பத் தலைவருக்கு."

"அஞ்சு மாசமா வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுறது ஆர்? இந்த மண்ணை அள்ளினது ஆர்? இப்ப இந்த வீட்டுக்குத் தலைவர் நான்தான் தம்பி. வாறது எனக்கு வரட்டும். சுத்தியலைத் தாரும்."

முதல் அடியை ஓங்கிப் போட்டார். 'முருகா, என்னோடை நிப்பாட்டு, அவரைத் தொடாதை' என்று முணுமுணுத்து முணுமுணுத்து அடித்தார். ஆணிகள் கிரீச்சிட்டுக் கழன்றன. மஞ்சள் பூசிய மரம் அவர் காலடியில் விழுந்தபோது அதை மிதிக்காமல் விலகி நின்றார். சிவமணி புது நிலையைத் தூக்கினார்.

வெள்ளி இரண்டு மணிக்கு அந்தப் பெண் வாசலை அளந்து, சிரித்து, தாளில் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை இராசையா வந்தார். சக்கர நாற்காலியை வாசலில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நிலையில் மஞ்சள் இல்லை. புது மரம்.

"பிடுங்கினதோ?"

"ஓம்."

"ஆர்?"

"நான்தான். இராகு காலத்திலை." பவளத்துக்கு மறைக்க மனம் வரவில்லை. ஏச்சு விழட்டும் என்று தலையைக் குனிந்து நின்றார்.

இராசையா நிலையைப் பார்த்தார். மனைவியின் கையில் மண்வெட்டி பிடித்துக் காய்த்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"நீ முதல்லை போ," என்றார்.

முப்பத்திரண்டு வருடத்தில் எந்தப் புது வாசலையும் பவளம் அவருக்கு முன்னால் தாண்டியதில்லை. தயங்கி நின்றார்.

"போ பவளம். வலது காலை வைச்சுப் போ. எனக்கு அந்தக் கால் இல்லையே."