முகப்பில் முறுக்கு, தேடலில் சக்லி

கடைகளுக்கு வெப்சைட் போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. முகப்புப் பக்கம் கடைக்காரர் கண்ணுக்கு அழகாக இருக்கணும், வாங்குகிறவர் விரலுக்கு வசதியாக இருக்கணும், தேடுகிறவர் முன்னால் முதலில் போய் நிற்கணும். மாமியாருக்கும் மருமகளுக்கும் பிடித்த மாதிரி ஒரே குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கும் சொல்லிக்கொடுங்கள், புண்ணியமாப் போகும்.

கும்பிட்ட கை

மும்பை தாராவியில் கைமுறுக்குப் பட்டறை வைத்திருக்கும் செல்லையா அண்ணாச்சிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்த மொத்த வியாபாரி, இந்தத் தீபாவளிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு ஆர்டர் வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு டோம்பிவிலியில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாக இருந்தார் அண்ணாச்சி. அவர் இதைச் சொன்னபோது, மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி பொன்னுத்தாய் அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. காசு அப்புறம், முதலில் வெப்சைட் போட்டுத் தருகிறேன் என்றேன்.

பக்கம் திறந்ததும் கும்பிடுகிற கை வரணுமாம். அப்புறம் மணியடிக்கும் பிள்ளையார், அப்புறம் சுடர் ஆடும் குத்துவிளக்கு. முறுக்கு? அதுக்கும் கீழே! "அண்ணாச்சி, ரயிலில் தொங்கிட்டுப் பார்க்கிறவனுக்கு இது திறக்கிறதுக்குள்ள அவன் ஸ்டேஷனே வந்துடும்" என்றேன். அவர் கேட்பதாக இல்லை. அக்காதான் வாயைத் திறந்தார்: "வந்தவுகள வாசல்லயே நிக்க வச்சுக் கும்புட்டுட்டே இருந்தா, அவுக எப்பம் திங்க?"

வாயில் நுழையாத பெயர்

அக்காவின் கை முறுக்குச் சுற்றும் படம் மேலே போனது. பக்கத்திலேயே விலையும் போன் பட்டனும். கும்பிட்ட கை கடைசிக்குப் போனது. பக்கம் பளிச்சென்று இருந்தது, போன்தான் அடிக்கவில்லை. இந்த ஊரில் முறுக்கு என்று யார் தேடுகிறார்கள்? மராட்டிக்காரர்கள் வீட்டு முறுக்குக்குப் பெயர் சக்லி, எல்லோரும் தேடுவது அதைத்தான். அந்த வார்த்தையைச் சேர்க்கலாம் என்றதும் அண்ணாச்சிக்கு வந்ததே ஒரு கோபம்! தீபாவளி வாசலில் நிற்கிறது, இந்த மனுஷன் பெயருக்குச் சண்டை போடுகிறாரே என்று எனக்கும் சுறுசுறுவென்று ஏறியது. அப்புறம் அவர் மெல்லச் சொன்னார்: "சக்லி அச்சுல பிழியுதது பிள்ள. இது அவ விரலால சுத்துதது. எம் பொஞ்சாதி கைக்கு வேற பேரு எதுக்கு?"

மாதிரி

அக்காவிடம் போனேன். "தெரியாத மராட்டிக்காரங்க இது என்னன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன். "சக்லி மாதிரி, ஆனா கையால சுத்துனதும்பேன்" என்றார். அடடா! இவ்வளவு படித்துவிட்டு நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வரி இதுதானே! பெரிய எழுத்தில் முறுக்கு, அதற்கடியில் அக்கா சொன்னது ஹிந்தியிலும் மராட்டியிலும். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "மாதிரின்னுதான போட்டிருக்க? அப்பம் சரி."

முதல் ஆள்

சில நாள் கழித்து நான் அங்கே இருந்தபோது, கோவண்டியிலிருந்து ஒரு மராட்டி அம்மா போனை நீட்டியபடி, சக்லிக்காரர் யார் என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டு வந்தார். போச்சுடா என்று அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஒரு முறுக்கை எடுத்து நீட்டினார். அந்த அம்மா தின்றுகொண்டே போனில் முறுக்குச் சுற்றும் கையையும் அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். தன் பில்டிங்கில் உள்ள எல்லா வீட்டுக்கும் தீபாவளி டப்பா வேண்டும் என்றார்.

அக்கா மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் நிறைந்தது, மறைப்பானேன். கிளம்பும்போது அந்த அம்மா முறுக்கின் பெயரைச் சரியாகச் சொல்லப் பார்த்தார்: "முர்... முருக்..." அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஹிந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்: "சலேகா தாயி, பரவால்ல, சக்லின்னே சொல்லுங்க. முறுக்கு கோவிச்சுக்காது!"

அந்தத் தீபாவளியில் பட்டறையைப் பூட்டவில்லை. டோம்பிவிலிக்கு வாட்ச்மேனாகப் போகவிருந்த அண்ணாச்சி, பக்கத்தின் அடியில் யாரும் பார்க்காத கும்பிட்ட கையை நான் எடுத்துவிடாமல் இன்றுவரை காவல் காக்கிறார்.