கோச் வரைந்த பிரமிடு

என் மகளுக்கு உலக வரலாறு கற்பிக்கிறவரின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். தீ விபத்துப் பயிற்சிக்காக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மிஸ்டர் டாயில் அந்தப் பள்ளியின் ஃபுட்பால் கோச். காலையில் மெசபடோமியா, மாலையில் மைதானம். ஒஹாயோவில் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. வருடத் தொடக்கத்தில் பெற்றோருக்கு ஒரு தாள் வந்தது. ‘உலக வரலாற்று வகுப்பில் என்ன எதிர்பார்க்கலாம்’ என்று தலைப்பு. பல கோணங்களில் பார்க்கும் திறனை எதிர்பார்க்கலாம், திறந்த உரையாடலை எதிர்பார்க்கலாம் என்றெல்லாம் போட்டிருந்தது. நம்மூரிலிருந்து வந்து இங்கே பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப்போகிறவர்களுக்கு அந்தத் தாளில் விட்டுப்போனதை நான் சொல்லிவிடுகிறேன். மனிதகுலத்தின் மொத்தக் கதையையும் ஒரு பள்ளி ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் பாதி ஆண்டு போய்விடும்; சிந்திப்பதையே அவர்கள்தானே தொடங்கி வைத்தார்கள்! இந்தியாவுக்கு ஒரு வாரம். திங்கள்கிழமை சிந்து சமவெளிச் சாக்கடை, செவ்வாய் சாதி, புதன் புத்தர், வியாழன் தேர்வு. வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் இருப்பதால் வகுப்பு கிடையாது. அதன்பிறகு வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கும்வரை நாமெல்லாம் எங்காவது ஓரமாக நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

தக்கலைப் பக்கம் நான் படித்த பள்ளியில் மட்டும் வரலாறு பொங்கி வழிந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் ஸ்டெல்லா டீச்சர் புத்தகத்தை வாசிப்பார். இடையிடையே “அடிக்கோடு போடுங்க” என்பார். பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணங்கள் ஐந்து மார்க், விளைவுகள் ஐந்து மார்க். நெப்போலியன் எதற்காக ரஷ்யாவுக்குப் போனான் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. எத்தனை மார்க்குக்குப் போனான் என்பதுதான் எங்கள் கவலை. ஒரே ஒரு இடத்தில் டீச்சர் அடிக்கோடு போடச் சொல்லவில்லை. தோள்சீலைப் போராட்டம் என்று எங்கள் மாவட்டத்தைப் பற்றியே அரைப் பக்கம் வந்திருந்தது. டீச்சர் தலைப்பை வாசித்தார், முன் பெஞ்சைப் பார்த்தார், எங்கள் பெஞ்சைப் பார்த்தார். அந்தக் காலத்தில் யார் யாருடைய சீலையைக் கிழித்தார்களோ, அந்த இரண்டு பக்கத்துப் பேத்திகளும் ஒரே வகுப்பில் ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். “இது பரீட்சைக்கு வராது மக்களே. வீட்டுல கேட்டுக்கிடுங்க” என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். டீச்சர் சொன்னபடியே நான் வீட்டில் போய்க் கேட்டேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “அதெல்லாம் இப்ப எதுக்கு பிள்ளே? படிச்சு ஒரு வேலைக்குப் போற வழியப் பாரு” என்றாள். பார்த்தேன். அந்த வழி ஒஹாயோவில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம்வரை வந்து நின்றது.

மிஸ்டர் டாயிலின் அட்டவணைப்படி அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. சாப்பாட்டு மேசையில் என் மகள் ஷெரின் ஒரு தாளை விரித்தாள். எந்தெந்தச் சத்து எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று டாக்டர் அறையில் மாட்டியிருப்பார்களே, அதைப் போல ஒரு பிரமிடு. உச்சியில் பூசாரி, அடுத்து அரசன், அப்புறம் வியாபாரி, அடியில் வேலைக்காரன். கீழே ஒரு கேள்வி: நீ பழைய இந்தியாவில் பிறந்திருந்தால் எந்தத் தட்டில் இருந்திருப்பாய்? ஏன்?

“ஜேக் பூசாரி எடுத்துக்கிட்டான். டைலர் ராஜா. என்கிட்ட மட்டும், நீ நிஜமா எதுன்னு கேக்கறாங்க. அம்மா, நாம இதுல எங்க?”

இதே கேள்வியைத்தான் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஆனால் நாகரிகமாக. ‘நாகர்கோவில்ல எங்க?’ என்று தொடங்குவார்கள். தக்கலைப் பக்கம் என்றால் ‘ஓ’ என்பார்கள். கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் ‘எந்த சர்ச்?’ என்பார்கள். இரண்டாவது இட்லி முடிவதற்குள் என் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துவிட்டு, மூன்றாவதுக்குச் சட்னி ஊற்றுவார்கள். அதோடு ஒப்பிட்டால் மிஸ்டர் டாயிலின் தாள் எவ்வளவோ நேர்மையானது.

என் கணவர் எட்வின் தலை நிமிராமல் பதில் சொன்னார். “நாம கிறிஸ்டியன்ஸ் மோளே. நமக்கு அதெல்லாம் கிடையாது.” இதைச் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். எங்கள் கல்யாணப் பேச்சின்போது இரு வீட்டாரும் முதலில் விசாரித்தது வேத வசனத்தை அல்ல. ‘நம்ம ஆளுகதானா?’ என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் ஜெபமே பண்ணினார்கள். ஆனால் நானும் அம்மாவைப் போலத்தான். மீன் கழுவுவதற்குப் பதிலாகப் பாத்திரம் கழுவப் போனேன்.

மறுநாள் சுபாஷினி கூப்பிட்டார். தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், நல்ல மனுஷி, எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் கொண்டுவந்தவர். அவருடைய மகனும் ஷெரின் வகுப்புத்தான். “பசங்களைக் கிண்டல் பண்றாங்களாம். இந்தப் பாடமே வேணாம்னு சொல்லப்போறோம். நம்ம பேரண்ட்ஸ் எல்லாரும் வர்றோம். நீங்க கண்டிப்பா வரணும்” என்றார். பிள்ளைகளைக் கிண்டல் செய்வது தவறுதானே. வருகிறேன் என்றேன்.

பள்ளிக்கூட நாற்காலியோடு ஒட்டிய குட்டி மேசைகளுக்குள் நாங்கள் பெரியவர்கள் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இசைப் பயிற்சி முடிந்து, வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியது நான்தான் என்பதால், ஷெரினும் வந்து கடைசி வரிசையில் இருந்தாள். சுபாஷினி அழகான ஆங்கிலத்தில் பேசினார். சாதி என்பது வெறும் வேலைப் பங்கீடு. எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். அதைக் கெடுத்தவன் பிரிட்டிஷ்காரன். இப்போது அது அறவே இல்லை. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மிஸ்டர் டாயில் பாவம், தோற்ற ஆட்டத்துக்கு விளக்கம் சொல்கிறவர் மாதிரி முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு, பேசாமல் இருந்த என்னைப் பார்த்து, “உங்களுக்கும் இதே கருத்துதானா?” என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். கடைசி வரிசையில் ஷெரின் நகத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாங்கள் அந்தப் பிரமிடிலேயே இல்லை” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “புரிகிறது. நீங்கள் அதை நம்புவதில்லை. அருமை!”

“அப்படியில்லை. எங்களை அதில் சேர்க்கவில்லை. வெளியே நிறுத்தியிருந்தார்கள்.”

அதற்குப் பிறகு என் ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. எங்கள் ஊரில் எங்கள் பெண்கள் இடுப்புக்கு மேலே துணி போட்டு மறைக்கக் கூடாது என்றிருந்த ஒரு காலத்தைச் சொன்னேன். போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களை மறித்து, எல்லோர் முன்னாலும் கிழித்ததைச் சொன்னேன். மறுநாள் வேறொன்றைப் போட்டுக்கொண்டு அதே சந்தைக்கு அவர்கள் போனதைச் சொன்னேன். சர்ச்சும் பள்ளிக்கூடமும் எரிந்ததைச் சொன்னேன். மிஸ்டர் டாயில் ஆவலோடு முன்னால் குனிந்தார். “அப்படியானால் பிரிட்டிஷ்காரர்கள் உங்களைக் காப்பாற்றினார்கள், இல்லையா?”

“மிஷன் அம்மாக்கள் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அடிவாங்கியது எங்கள் பெண்கள்.”

முடிவு என்னவென்றால், பாடத்தை நீக்கவில்லை. பிள்ளைகளிடம் ‘நீ எந்தத் தட்டு’ என்று கேட்கும் கேள்வியை மட்டும் நீக்கிவிட்டார்கள். அந்த மட்டில் சுபாஷினிக்கு வெற்றி. அடுத்த வருடத்திலிருந்து பிரமிடுக்குக் கீழே தனியாக ஒரு பெட்டி போட்டுவிடுவதாக மிஸ்டர் டாயில் எனக்குக் கைகொடுத்து வாக்களித்தார். எங்கள் வம்சத்துக்கு அமெரிக்காவில் கடனில்லாமல் கிடைத்த முதல் வீடு அந்தப் பெட்டிதான். நடைவழியில் சுபாஷினி என் கையைப் பிடித்துக்கொண்டார். “சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. உங்களைப் பார்த்தா அப்படித் தெரியவே தெரியாது” என்றார். அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். நன்றி என்றேன், வேறு என்ன சொல்ல முடியும்? அதற்குப் பிறகும் சங்கத்தில் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் அதிகப்படியான அன்பு. ஊருக்குப் பேசும்போது என் தங்கைதான் கொதித்துவிட்டாள். “அக்கா, உனக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா? இதையெல்லாம் வெள்ளைக்காரன்கிட்ட போய்ச் சொல்லலாமா? இங்க என் மோளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம்.” மாப்பிள்ளை எந்த ஆளுகள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை.

கூட்டம் முடிந்த அன்று மாலை காரில் ஏறியதும் ஷெரின் கதவை அடித்துச் சாத்தினாள். கோபம் என்று தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. சாவியைத் திருப்பியபோது சொன்னாள்: “கோச்சுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?”

மைதானத்தில் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய அடுத்த கேள்விக்கு எந்தப் பாடத்திட்டமும் என்னைத் தயார்படுத்தியிருக்கவில்லை.

“நாம வெளியே இருந்தோம். சரி. அப்போ நமக்கும் கீழே யாராவது இருந்தாங்களா?”

இருந்தார்கள். அறுப்புக்காலத்தில் எங்கள் களத்துக்கு வந்தார்கள். வாசல் வழியாக அல்ல, பின்பக்கமாக வந்தார்கள். அவர்களுக்கென்று வேலிக்கல்லில் கவிழ்த்து வைத்த தம்ளர்கள் இருந்தன. அதே இயேசு, அதே பாட்டு, ஆனால் அவர்களுடைய சர்ச் ரோட்டின் மறுகோடியில் இருந்தது. எங்கள் பெண்கள் சந்தையில் பட்டதை எல்லாம் அறிந்த அதே வீட்டில்தான் இதுவும் நடந்தது. ஆங்கிலத்தில் தொடங்கினேன், வேறு யாருடைய கதையையோ செய்தியாக வாசிப்பதுபோல இருந்தது. தமிழுக்கு மாறினேன்.

“இருந்தாங்க மக்கா. நாங்க அவங்கள வீட்டுக்குள்ள ஏத்தினதில்ல.”

அவள் என் பக்கம் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எத்தனையோ தடவை அவள் தப்பாக எழுதிய இலக்கணம் அது: நாமா, நாங்களா. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் ஒரே சொல்லுக்குள் எல்லோரும் அடங்கியிருப்போம். தமிழ் விடுவதாயில்லை.

“நாங்கன்னா? நீங்க மட்டுமா, நானும் உண்டா?”

அவளை அந்தப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. “நாங்கதான் மக்கா. நான் பிறந்த வீடு. நீ இங்கல்லா பிறந்தே” என்றேன்.

விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கியது. கண்ணாடிக்கு வெளியே, மைதானத்துப் பிள்ளைகளைப் பார்த்தபடி கேட்டாள்:

“அப்போ நான் யாரு வீட்டுப் பிள்ளை?”

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு எந்தக் கியரைப் போடுவது என்று தெரியவில்லை.