நம்பினால் பறக்கலாம் என்று சொல்லிவிட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். ஒதியம்பட்டில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் நான் பறந்தேன். சிரிக்காதீர்கள், எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

வில்லியனூரில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. லீவு நாட்களில் நாடகம். எங்கள் குழுவை நடத்துபவர் ஓவிய ஆசிரியர். பிள்ளைகளுக்காக அவரே ஒரு படக்கதைப் புத்தகம் வரைந்து அச்சடித்திருந்தார். அதில் நீலக்காற்று என்று ஒரு வீரன் வருவான். யார் ஆபத்தில் கூப்பிட்டாலும் பறந்து வந்து காப்பாற்றுவான். புத்தகத்தை நாடகமாக்கியபோது அந்த வேஷம் எனக்கு வந்தது. காரணம் நடிப்பு இல்லை. குழுவிலேயே எடை குறைந்த ஆள் நான்தான்.

பறப்பது எப்படி என்றால், மேடையின் பின்னால் கறுப்புத் துணி கட்டியிருக்கும். அதில் ஒரு கிழிசல் வழியாகக் கறுப்புச் சாயம் பூசிய நீளமான பலகை ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நான் அதில் குப்புறப் படுத்துக் கைகளை விரிப்பேன். துணிக்குப் பின்னால் இரண்டு பேர் பலகையைத் தோளில் தாங்கித் தூக்குவார்கள். ஒருவர் மணப்பட்டில் கடலுக்குப் போகிறவர். இன்னொருவர் பாகூர் பக்கம் லாரியில் கரும்பு ஏற்றுகிறவர். ஓரத்தில் ஒரு டேபிள் ஃபேன் காற்றடிக்க, என் முதுகில் கட்டிய நீலத் துணி படபடக்கும். கூரையே இடிந்துவிடும் போல பிள்ளைகள் கத்துவார்கள்.

அந்தச் சத்தம் ஒரு போதை. நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் எதிரில் முகமூடியைக் கழற்றக்கூடாது என்பதற்காக டீ கூடக் குடிக்கமாட்டேன். தூக்கிய இருவரும் அதற்குள் பின்பக்கமாகப் பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஒதியம்பட்டில் அன்று கைதட்டல் ரொம்ப நேரம் ஓயவே இல்லை. அந்த உற்சாகத்தில் நான் கதையில் இல்லாத ஒரு வசனத்தைச் சேர்த்தேன். "கண்ணை மூடி முழுசா நம்பினா, நீங்களும் பறக்கலாம்" என்றேன். பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். எங்கள் ஓவிய ஆசிரியருக்கும் வசனம் பிடித்துவிட்டது. அதை நாடகத்திலேயே வைத்துக்கொண்டோம். வீட்டில் என் மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடுத்த நாடகம். முடிந்து பின்பக்கம் வந்தால் ஒரு பெண் காத்திருந்தார். முப்பது வயது இருக்கும். கையில் ஹெல்மெட். நேராக வண்டியில் வந்திருக்கிறார்.

நீங்கள்தானே அந்தப் பறக்கிறவர் என்று கேட்டார். போட்டோ எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. வீடு ஒதியம்பட்டில், இன்னும் கட்டி முடிக்காத வீடு, மாடிக்குப் படி மட்டும் இருக்கிறது, சுற்றுச்சுவர் எழுப்பவில்லை என்று வரிசையாகச் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் கொல்லையில் துணி எடுக்கப் போனவர் நிமிர்ந்து பார்த்தால், இரண்டாவது படிக்கிற மகள் மாடி ஓரத்தில் நிற்கிறாள். கழுத்தில் துண்டு கட்டியிருக்கிறாள். இரண்டு கையும் விரிந்திருக்கிறது.

"அங்க இன்னாடி பண்றன்னு கேட்டேன் சார். கண்ண தொறக்காமலே சொல்றா, நம்பிக்கினு இருக்கேன், பேசாதம்மான்னு."

அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கத்துனா பயந்து கால வெளிய வச்சிருவான்னு தோணுச்சு. இருடி, நானும் வரேன், ரெண்டு பேருமா பறக்கலாம்னு சொன்னேன். சரின்னு நின்னா. அந்தப் படி ஏறுறதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன் சார்."

ஏறும்போதெல்லாம் பேச்சை விடாமல், எங்கே பறக்கலாம், பாட்டி ஊருக்கா, பீச்சுக்கா என்று சிரித்த குரலில் கேட்டுக்கொண்டே போனாராம். மேலே போய்ப் பாவாடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். சொல்லும்போதும் அவர் அழவில்லை. ஹெல்மெட்டின் வாரை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் இருபது வருடமாக மேடை ஏறுகிறேன். அந்த மாதிரி ஒரு நடிப்பை என்னால் ஒரு நாளும் நடித்துக் காட்ட முடியாது.

மன்னிப்புக் கேட்டேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை. யாராலும் பறக்க முடியாது என்று அம்மா சொன்னால் மகள் நம்பவில்லை, கண்ணால் பார்த்தேனே என்கிறாள். நீங்களே வந்து சொல்ல வேண்டும் என்றார். உடை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றதற்கு மட்டும் சட்டென்று மறுத்தார்.

"வாணாம் சார். இந்த டிரஸ்ஸோடயே வாங்க. வேற யாரோ வந்து சொன்ன மாதிரி ஆயிடும்."

குழுவின் குட்டியானை வண்டியில் அப்படியே கிளம்பினேன். தூக்குகிற இருவரும் கேள்வி கேட்காமல் பலகையோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் நீல உடையைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் தடவையாக அந்த முகமூடிக்குள் எனக்கு வியர்த்தது.

சிறுமி வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்த அழகை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. நான் அவள் எதிரில் மண்டி போட்டு முகமூடியைக் கழற்றினேன். எனக்குப் பறக்கத் தெரியாது, மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு இன்னா பண்ணீங்க?"

அதற்குள் மணப்பட்டுக்காரர் வண்டியிலிருந்து பலகையை இறக்கினார். இருவரும் தோள் கொடுக்க, நான் நடுவாசலில் பலகைமேல் படுத்துக் கைகளை விரித்தேன். மறைக்கத் துணி இல்லை. ஃபேன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வேடிக்கை பார்க்கிறார்கள். சிறுமி பலகைக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவர்களைச் சுற்றி வந்து, கடல்காரரின் தோளில் பலகை அழுத்துகிற இடத்தைத் தொட்டுப் பார்த்து, வலிக்காதா என்று கேட்டாள்.

இரண்டு வருடமாக அந்தத் தோளின் மேல் நான் பறந்துகொண்டிருந்தேன். ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை.

"கை தட்னா இவரு ஆடுவாரு பாப்பா. அப்பதான் வலிக்கும்" என்றார் அவர். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். மேலே படுத்திருந்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் சிறுமி தானும் படுக்க வேண்டும் என்றாள். அம்மா கொஞ்சம் யோசித்தார். பலகையை முழங்கால் உயரத்துக்குத்தான் தூக்கலாம் என்று சொல்லிவிட்டு, மகளின் வயிற்றுக்கடியில் தன் கையைக் கொடுத்துக்கொண்டார். அவள் படுத்ததும் கண்ணை மூடினாள். உடனே திறந்து, பலகையைப் பிடித்தபடி இருவரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கையை விரித்தாள்.

அடுத்த ஞாயிறு நாடகம் எதுவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் சவுக்குக் கழிகளோடு போய் அந்த மாடியைச் சுற்றி இடுப்புயரத்துக்குத் தடுப்புக் கட்டினோம். சுவர் எழுப்பும்வரை தாங்கும் என்று கரும்புக்காரர் ஒவ்வொரு கட்டையும் உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். மத்தியானம் அந்த வீட்டில் சாப்பாடு போட்டார்கள், காராமணிக் குழம்பு. நானே மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நாடகத்தில் அந்த வசனத்தை எடுத்துவிட்டோம். கடைசியில் கறுப்புத் துணியை அவிழ்த்துவிடலாம் என்று நான் சொன்னபோது ஆசிரியர் தயங்கினார். ரகசியம் போனால் சுவாரஸ்யமும் போய்விடும் என்பது அவர் கவலை. ஒரு தடவை பார்க்கலாம் என்று மணப்பட்டில் செய்து பார்த்தோம். துணி விழுந்ததும், பலகையைத் தோளில் வைத்தபடி இருவரும் வெளிச்சத்தில் நின்றார்கள். பிறகு எழுந்த சத்தத்தை நான் பறந்தபோது ஒரு நாளும் கேட்டதில்லை. கூட்டத்தில் கடல்காரரின் மனைவியும் இருந்தார். நாடகத்துக்குச் சாமான் தூக்கப் போகிறேன் என்றுதான் கடல்காரர் வீட்டில் சொல்லிவைத்திருந்தாராம். அன்று பிள்ளைகள் அவர் கையைத் தொட வரிசையில் நின்றார்கள். நான் ஓரமாகப் போய் முகமூடியைக் கழற்றிவிட்டு, நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

இன்னும் அந்த வேஷத்தைத்தான் போடுகிறேன். ஆனால் மேடையில் வாயைத் திறக்கும் முன், நான் சொல்லப்போவதை எந்தப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகுமோ என்று ஒரு சின்னப் பயம் வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் விரும்புகிறேன்.