பாஸ்காரர் இழுத்து வந்த டிரவுட்

"பீப்... பீப்... பீப்..." என்று வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு அல்லி இலைகளுக்குள்ளிருந்து பின்னால் வருகிறார் லூசியன் தெரியோ. ஒற்றை ஆள் படகான ஆரஞ்சு நிறக் கயாக்கின் மூக்கு சேற்றில் சொருகிக்கொள்ளும்போதெல்லாம் துடுப்பை எதிர்ப்பக்கம் போட்டுப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கும்போதெல்லாம் இந்தச் சத்தம் வந்தாக வேண்டும். உழைத்த காலம் முழுவதும் ஊருக்குப் பனி வழிக்கும் லாரி ஓட்டியவர். அந்த லாரி பின்னால் நகர்ந்தால் தானாகக் கூவும். ஓய்வு பெற்ற அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார், கூவலைக் கொடுக்க மறந்துவிட்டார்.

டோபின் குளம் சிறியது. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும். அதனால் லூசியன் குளத்தில் இருக்கிறாரா என்று யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. மெய்ன் மாநிலத்து வசந்தம் என்பது பெயருக்குத்தான். மே மாதம் பிறந்த பிறகும் காலையில் துடுப்புப் பிடியில் பனி பூத்திருக்கும். லூசியன் அதை ஊதிவிட்டுக் கிளம்புவார். உடம்பில் பழைய வேலைக்காலத்து ஆரஞ்சு மேலாடை. இருக்கைக்குப் பின்னால் ரப்பர் கயிற்றால் கட்டிய பால்கூடை. அதற்குள் குறடு, ரப்பர் புழுப் பொட்டலங்கள், கடுகு தடவிய சாண்ட்விச், வெல்லப்பாகு டோனட். காலடியில் நங்கூரம், அதாவது சிமெண்ட் ஊற்றிக் காயவைத்த காபி டப்பா. கடையில் நல்ல நங்கூரம் விற்கிறதே என்று யாராவது சொன்னால், "அப்ப குடிச்சு முடிச்ச டப்பாவ என்ன பண்றதாம்?" என்பார்.

அவர் பாஸ் மீன்காரர். ரப்பர் புழுவை அல்லி இலை ஓரமாக வீசி, அடியில் மெல்ல ஊரவிட்டு, பாஸ் வாயில் போட்டுக்கொண்டது தெரிந்ததும் ஒரு வெட்டு இழுப்பு இழுப்பார். கை மட்டும் இழுக்காது. தோள், இடுப்பு, போன வருஷத்துக் கோபம் எல்லாம் சேர்ந்து இழுக்கும். தொப்பி கழன்று தண்ணீரில் விழும். பாஸின் வாய் செருப்புத் தோல். அப்படி இழுத்தால்தான் தூண்டில் முள் ஏறும். "மீனுக்கு நாம வந்திருக்கோம்னு தெரியணும்ல?" என்பது அவர் விளக்கம்.

டிரவுட் மீன் என்றால் அவருக்கு இளக்காரம். வசந்தத்தில் அரசாங்க லாரி தொட்டியோடு வந்து குளத்தில் டிரவுட்டைக் கொட்டிவிட்டுப் போகும். "அது மீனா? கவர்மெண்ட் வளத்த கோழி" என்பார். இதைச் சொல்லும்போது கரைப்பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர் மனைவி மியூரியல். குளத்திலேயே பெரிய டிரவுட்காரி.

"சேத்துல படுத்துக் கெடக்கற பன்னிய புடிக்கறவன் பேசறான் பாரு!" என்று கரையிலிருந்து பதில் வரும்.

கல்யாணம் ஆன புதிதில் இருவருக்கும் சேர்த்து ஒரே அலுமினியப் படகுதான். முன்னால் மியூரியல், பின்னால் லூசியன். டிரவுட் வேண்டுமென்றால் குளத்தின் நடுவே, இறகு கட்டிய சின்ன முள்ளை நீளமாக விட்டு, நிற்காமல் மெல்லப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் ஓரத்தில் ஒதுங்கி, அசையாமல் நிற்க வேண்டும். ஒரே படகில் ஒருத்திக்குப் போக வேண்டும், ஒருத்தனுக்கு நிற்க வேண்டும். துடுப்பு லூசியன் கையில் இருந்ததால் படகு எப்படியோ அல்லி இலைப் பக்கமே போய்ச் சேரும். ஒரு நாள் மியூரியல் எதிர்க்கரையில் இறங்கி, தூண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு காட்டுக்குள்ளேயே குளத்தைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். லூசியன் கரையை ஒட்டியே படகைச் செலுத்திக்கொண்டு, மரங்களுக்கு நடுவே தெரியும் மனைவியின் சிவப்புச் சட்டையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்ததை ஊரில் பாதிப் பேர் பார்த்தார்கள். மீதிப் பேருக்குச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்தவைதான் இரண்டு கயாக்குகளும். அவருக்கு ஆரஞ்சு, மியூரியல் அம்மாளுக்குப் பச்சை. "குளத்துல மட்டும் டைவர்ஸ்" என்று ஊர் சிரித்தது. லூசியன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். மியூரியல் தண்ணீரில் இறங்கும் முன் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கைக்கடிகாரத்தை மேலே தள்ளிவிட்டு, குனிந்து, மணிக்கட்டைக் குளத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். குளிர் எலும்பில் ஏறினால் டிரவுட் மேலே இருக்கிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் கீழே போய்விட்டது. அதைப் பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் கயாக்கில் ஏறுவார். நாள் முழுக்க ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். வெயில் சாயும்போது மட்டும் நடுப்பாறைக்குப் பக்கத்தில் இரண்டு கயாக்கும் உரசிக்கொண்டு நிற்கும். அவர் கயாக்கின் விளிம்பை அம்மாளும், அம்மாளுடையதை அவரும் பிடித்துக்கொள்வார்கள். ஃபிளாஸ்க்கின் ஒரே மூடியில் காபி கைமாறும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சேர்ந்தே போவார்கள். வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று கேட்டால் லூசியன் இன்றைக்கும் அந்த மூடிக் காபியைத்தான் கேட்பார்.

போன குளிர்காலத்தின் ஆரம்பத்தில் மியூரியல் வீட்டு வாசலில் உறைபனியில் வழுக்கி விழுந்தார். வலது தோள் கிழிந்துபோனது. ஊர்த் தெரு எல்லாவற்றிலும் பனியை வழித்து உப்புத் தூவிய மனுஷன் தன் வீட்டு வாசலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். மியூரியல் அதை வைத்து அவரை எவ்வளவோ கிண்டல் செய்துவிட்டார். திட்டியது ஒரு தடவைகூட இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

தோளைத் தைத்தார்கள். வசந்தத்தில் டாக்டர் பார்த்து, மெல்லத் துடுப்புப் போடலாம் என்றார். "போடலாம்னு சொல்றது ஈஸி. டாக்டரா போடப் போறார்?" என்றார் மியூரியல். பயம் வந்துவிட்டது. வாசல் படியிலேயே கைப்பிடியை விடாமல் இறங்குகிறவர், ஆடும் கயாக்கில் எப்படிக் கால் வைப்பார்? லூசியனோடு குளத்துக்கு வருவார். தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளியே நாற்காலியைப் போடுவார். பனி உருகிய பிறகு இன்னும் ஒரு தடவைகூட அவர் விரல் இந்தக் குளத்தில் நனையவில்லை.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு டெல்மர் தன் மனைவிக்காகப் பச்சைக் கயாக்கைக் கேட்டார். ஒரு சனிக்கிழமை இரவு, பீன்ஸ் சாப்பாட்டின்போது மியூரியல் சொன்னார்: "லைலக் செடி பூத்ததும் வந்து எடுத்துக்கட்டும்னு சொல்லிட்டேன். பூத்துட்டா டிரவுட் எப்படியும் கீழ போயிடும். அப்புறம் எதுக்கு அது?"

அந்தக் கயாக் போனால் அடுத்து நாற்காலியும் கரைக்கு வராது, ஜன்னலோரம் போய்விடும் என்று லூசியனுக்குத் தெரியும். வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "அதுக்குள்ள நான் ஒரு டிரவுட் புடிச்சுட்டா?"

மியூரியல் சிரித்த சிரிப்பில் தைத்த தோள் வலித்திருக்கும். "நீயா? நீ டிரவுட் புடிச்சா நான் கயாக்க குடுக்கல. போதுமா? என் தூண்டிலையே எடுத்துக்கோ."

அன்றிலிருந்து பாஸ்காரர் டிரவுட்காரராக அவதிப்படுகிறார். மீன் கடிக்காமல் இல்லை. கடிக்கிறது. கடித்ததும் லூசியனின் கை, தோள், இடுப்பு எல்லாம் பழைய வேலையைப் பார்த்துவிடுகின்றன. டிரவுட்டுக்கு உதடு மெல்லியது. பாஸுக்கு இழுக்கிற இழுப்பு இழுத்தால் முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் காலி முள் காற்றில் பறந்து வந்து அவர் மேலாடையில் மாட்டிக்கொள்ளும்.

"கிழிச்சியா?" என்று கரையிலிருந்து குரல் வரும்.

"கிழிச்சேன்."

"அந்த மீனு இனிமே சூப்புதான் குடிக்கணும்."

மே மாதக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் டெல்மர் லாரியோடு குளத்துக்கே வந்துவிட்டார். கையில் கயாக்கை லாரியில் கட்டக் கட்டுப்பட்டை. பச்சைக் கயாக் லூசியன் வீட்டு வண்டியின் மேல் எப்போதும்போல் கட்டியே இருந்தது. மியூரியல் ஏறாவிட்டாலும் லூசியன் அதைத் தினமும் கொண்டுவருவார்.

"டவுன்ஹால் முன்னாடி லைலக் ஒரு கொத்து விரிஞ்சிருக்கு, பாத்தீங்களா?" என்று டெல்மர் குளத்தைப் பார்த்துக் கூவினார்.

"ஒரு கொத்தெல்லாம் கணக்குல வராது! இருட்டற வரைக்கும் எனக்கு டைம் இருக்கு!" என்று லூசியன் தண்ணீரிலிருந்து பதில் கூவினார்.

மனைவியின் தூண்டிலைத் தொடைக்கடியில் சொருகி, நுனியைப் பக்கவாட்டில் நீட்டியபடி, நடுப்பாறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அங்கே அடியில் ஊற்று உண்டு. வெயில் காலத்திலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். கரும்பாசிபோல் இருட்டத் தொடங்கியிருந்தது தண்ணீர்.

"மெதுவா போயேன்! டிரவுட்டுக்குப் போறியா, ரோடு வழிக்கப் போறியா?" என்றார் மியூரியல்.

லூசியன் வேகத்தைக் குறைத்தார். ஒரு துடுப்பு. கொஞ்சம் சும்மா. இன்னொரு துடுப்பு. பாறைக்கு அந்தப் பக்கம் திரும்பும்போது தூண்டில் நுனி ஒரு முறை தலையாட்டியது. பிறகு முழுசாக வளைந்தது. நூல் சுருள் 'கிர்ர்ர்' என்று அழுதது.

கரையில் நாற்காலி கவிழ்ந்தது. மியூரியல் எழுந்து நின்று கத்தினார். "தொடாத! தூண்டில தொடாத! கைய துடுப்புல வை! லூசியன், துடுப்பு! துடுப்பு!"

அவர் கை பாதி வழி போய்விட்டது. உறைபனி ரோட்டில் லாரி வழுக்கும்போது கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகவிட்டால் லாரி பள்ளத்தில்தான். அந்தக் காலை எத்தனையோ ராத்திரி அடக்கியவர் அவர். கையையும் அடக்கினார். இரண்டு கையாலும் துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல், மெல்லத் துடுப்புப் போட்டார். மீன் பின்னால் வந்தது. ஓடியது, நூல் அழுதது, திரும்ப வந்தது. லூசியன் தூண்டிலைத் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்தால் கை போய்விடும். பள்ளத்தில் விழுந்த காரைக் கட்டி இழுத்து வருவதுபோல் அந்த டிரவுட்டைக் குளத்தின் குறுக்கே கரைவரைக்கும் இழுத்து வந்தார்.

கயாக்கின் மூக்கு மணலில் ஏறியது. மீன் இன்னும் பின்னால் ஆழத்தில் துள்ளிக்கொண்டிருந்தது.

"எடு" என்றார் லூசியன்.

"நீ எடு. உன் மீனு" என்றார் மியூரியல். பத்தடி தள்ளி நின்றார்.

"நான் தொட்டா இழுத்துடுவேன், மியூரியல். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். போயிடும். வா." கையைத் துடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. "வாயேன் தாயே!"

மியூரியல் மணலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு செருப்போடேயே இறங்கினார். முழங்கால்வரை நனைந்து, லூசியனின் தொடைக்கடியிலிருந்து தூண்டிலை உருவினார். இடது கையில் தூண்டில். வலது கை நூல் சுருளுக்குப் போனது. அந்தத் தோள் இத்தனை நாள் தலை வாரவே உயராமல் இருந்ததை மூன்று பேருமே அப்போது மறந்துவிட்டார்கள். கொஞ்சம் விட்டார், கொஞ்சம் சுற்றினார். மீன் ஓட நினைத்தபோது ஓடவிட்டார். கடைசியில் கையை நனைத்துக்கொண்டு அதை அடியிலிருந்து ஏந்தினார். கரும்பச்சை முதுகு, ஆரஞ்சு வயிறு, சிவப்புப் புள்ளிகள். முள்ளை இரண்டு விரலால் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, விட்டுவிட்டார்.

"ஐயையோ, விட்டுட்டியா! சாட்சி போச்சே!" என்றார் லூசியன்.

"சாட்சி நான் இருக்கேன். ஆனா கரைக்குக் கொண்டுவந்தது மியூரியல். நீங்க புடிச்சாதானே பந்தயம்?" என்றார் டெல்மர், கட்டுப்பட்டையைச் சுருட்டியபடி.

"புடிச்சது யாரு? அந்தப் பாறையிலருந்து இழுத்துட்டு வந்தது யாருய்யா?"

"தூண்டில தொடவே இல்லையே நீங்க!"

"தொடாததுதான்யா கஷ்டம்! உனக்கென்ன தெரியும்?"

டெல்மர் சிரித்துக்கொண்டே மியூரியல் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. கயாக்க ஏத்தவா, வேணாமா?"

மியூரியலுக்குக் காதில் விழுந்ததா தெரியவில்லை. மீன் போன இடத்தையே பார்த்தபடி குனிந்து நின்றார். பிறகு கைக்கடிகாரத்தை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டைத் தண்ணீரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.