எருமை மேல் இருந்தவர்

வன்னியில் சண்டை முற்றிய அந்தக் குளிர்காலத்தில் புலம்பெயர்ந்து வந்த புரோசார்ட் என்ற ஊரில் ஒரு கம்போடியச் சூப் கடையில் நான் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். தம்பியும் அவன் பெண்சாதி பிள்ளைகளும் உள்ளே அகப்பட்டிருந்தார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவன் குரல் இல்லை. டெலிபோன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்கள் செய்தி பார்த்து நிலவரம் சொல்வார்கள். எனக்குக் கும்பிடத்தான் தெரியும்.

குசினிக்குப் போகும் வழியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம். அவர்களுடைய பழைய கோயில் சுவரில் தாளை ஒட்டிக் கரியால் உரசி எடுத்ததாம். நிறையக் கைகள், கைகளில் தண்டு, கீழே எருமை. எருமையையும் பல கைகளையும் ஒன்றாகக் கண்டால் எங்களுக்கு யார்? துர்க்கை அம்மன்தான். முகம் ஆண் முகம் மாதிரி இருந்தது. அந்த நாட்டுச் சிற்பியின் கை அப்படி என்று நினைத்துக்கொண்டேன். தினமும் வேலை தொடங்க முதல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நின்றேன். "தாயே, தம்பியை உன்ர கையில தந்திட்டன். நீயே வச்சிரு."

கோப்பை கழுவுகிறவர் மன்னார்க் கத்தோலிக்கர். "அண்ணை, ஈர நிலத்தில வெறுங்காலோட நிண்டா அம்மன் வரமுதல் சளிதான் வரும்" என்பார்.

பங்குனியில் ஒருநாள் முதலாளி அம்மா நான் கும்பிடுவதைக் கண்டுவிட்டார். அறுபது வயதிருக்கும், பேச்சுக் குறைவு.

"இவரை உனக்குத் தெரியுமா?" பிரெஞ்சில் கேட்டார்.

"தெரியும். எங்கள் அம்மன்."

அவர் சிரிக்கவில்லை. "யமன். செத்தவர்களின் ராஜா." கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார். மேல் வரிசையில் பல்லக்கில் போகிறவர்கள் சொர்க்கத்துக்கு. கீழே, நான் பூதகணம் என்று நினைத்தவர்கள், மூக்கில் கயிறு போட்டு இழுத்துப்போகப்படும் பாவிகள்.

"எங்கள் யமனுக்கு இத்தனை கை இல்லையே" என்றேன்.

"எங்கள் நாட்டில் அவருக்கு வேலை கூட."

எழுபதுகளின் கொலைக்காலத்தில் புருஷனையும் இரண்டு மகன்களையும் இழந்தவர் அவர். எந்த நாள், எந்த வயலில் கொன்றார்கள், தெரியாது. "கொன்றவர்களை யாரும் விசாரிக்கவில்லை. இவராவது விசாரிக்கட்டும் என்று மாட்டினேன்."

நான் கத்தியைத் தொடாமல் நின்றேன். கூடப்பிறந்தவனை என் வாயாலேயே யமனிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

"எமனைத் தாயே எண்டு கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை. அந்தாள் வெக்கத்திலேயே விட்டிடும்" என்றார் கேட்டுக்கொண்டிருந்த மன்னார்க்காரர். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பைப்பைப் பெரிதாகத் திறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டுக்கு, வில்லரேக்குப் போகும் மெட்ரோவில் யமனிடம், சொன்னது உனக்கில்லை, உனக்கில்லை என்று முணுமுணுத்தபடியே போவேன்.

வைகாசி கழிந்து முகாமிலிருந்து தம்பியின் பெண்சாதி டெலிபோன் எடுத்தாள். அவளும் பிள்ளைகளும் தப்பியிருந்தார்கள். "இவர் பின்னாலதான் வந்தவர், அத்தான். திரும்பிப் பாக்கேக்க ஆளில்லை." அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும்.

புரட்டாதியில் கம்போடியர்களுக்குச் செத்தவர்களின் நாட்கள் வரும். யமன் கதவைத் திறந்துவிட, பசியோடு வருவார்களாம். விகாரைக்குக் கொண்டுபோக முதலாளி அம்மா எள்ளுப் போட்ட சோற்றை உருட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாள் தெரியாதவர்களுக்கும் வைக்கலாம்" என்றார். "இது உன் தம்பிக்கு." ஓரத்தில் இருந்த ஒன்றைக் காட்டினார்.

எங்களில் திதி தெரியாமல் திவசம் இல்லை என்றுதான் எனக்குத் தெரியும். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டு இருந்தேன். சோறு வைக்காதவரைக்கும் அவன் செத்தவன் இல்லை.

"அவன் சாகேல்லை" என்றேன், தமிழில். அவர் என்னையே பார்த்தார்.

செத்தவர்களுக்கு உருட்டியதை வாயில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எடுத்தேன். நின்றபடியே முழுவதையும் தின்றேன். விழுங்க நேரம் எடுத்தது.

அவர் தடுக்கவில்லை. இன்னொன்று உருட்டவும் இல்லை.