மேகம் பார்த்துப் பந்தி வைக்கும் வசந்தா

படகின் கூரைக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்ப்பார் வசந்தா. வெயில் பளிச்சென்று இருந்தால் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மேகமாக இருந்தால் இரண்டு. அப்புறம்தான் ஆகாசராஜன் மகள் பத்மாவதியின் கல்யாணக் கதை தொடங்கும்.

நாராயணவனத்துப் பக்கம், ஆற்றில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் ஓடுகிற சோலார் படகு அது. சரித்திரச் சுற்றுலாவாம். கூரை முழுக்கப் பேனல். மேகம் மூடினால் படகு நகராமல் அடம்பிடிக்கும். ஆனால் வசந்தாவின் கதை மட்டும் கரை தட்டும்போதுதான் முடியும். சூட்சுமம் கல்யாணப் பந்தியில் இருக்கிறது. வெயில் நாளில் புளியோதரையோடு இலையை மடித்துவிடுவார். மேகம் சேரச் சேர வடை வரும், அதிரசம் வரும், சேமியா பாயசமும் வரும்.

"அந்தக் காலத்தில் சேமியாவா?" என்று, அடிக்கடி அந்தப் படகில் போகிற நான், ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட! ராஜா வூட்டு கண்ணாலம். வந்த ஜனம் பாயசம் துன்னாமயா பூடும்?"

படகில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைக் கஞ்சப்பயலைப் போலப் பார்த்தார்கள்.

போன வாரம் குத்தகைக்காரர் ரங்கையா பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைப் படகில் ஏற்றினார். இனி கதையை அது சொல்லுமாம். வசந்தா லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டால் போதும், அதுவும் மாசக் கடைசி வரைக்கும்தான்.

"வூட்ல அடுப்பு எரியறதே இந்த வாயாலதான் சார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார் வசந்தா. அன்றைக்குப் படகு கிளம்பியும் முடிச்சை அவிழ்க்கவில்லை.

பெட்டி என்னவோ நன்றாகத்தான் பேசியது. நடு ஆற்றில் மேகம் மூடிக்கொண்டது, படகு ஊர்ந்தது. பெட்டிக்கு அதெல்லாம் தெரியுமா? தாலி கட்டி, பந்தி முடித்து, நன்றியும் சொல்லிவிட்டு, பத்மாவதிக்கு மறுபடியும் முதலிலிருந்து மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிட்டது.

"ஒரே பொண்ணுக்கு எத்தினி தபா கண்ணாலம் பண்ணுவீங்க?" என்று புத்தூர்க்காரர் ஒருவர் கத்தினார்.

படகோட்டி ஹரிபாபு திரும்பினார். "ரங்கையாண்ணா, பேட்டரி எறங்கிகினே போவுது. பொட்டி பேசிகினு இருந்தா படவு கரைக்குப் போவாது. எது வோணும்?" அவர் சொன்னது எவ்வளவு நிஜமோ தெரியாது, வசந்தா இருந்த பக்கம் மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

ரங்கையா ஒயரைப் பிடுங்கினார். பெட்டி அடங்கியதும் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

"வசந்தாம்மா, நீயே ஏதாச்சும் செப்பும்மா" என்றார் ரங்கையா.

"நா ஜாக்கெட் மாட்றவதான நைனா? அதுவும் மாசக் கடைசி வரைக்கும்."

"ஐயோ தேவுடா! எப்பவும் நீதாம்மா. இத்தினி பேர் முன்னாடி சொல்றேன், ஆரம்பி!"

வசந்தா வெளியே தலையை நீட்டி மேகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, இருந்த கற்கண்டு அத்தனையையும் வாயில் கொட்டிக்கொண்டார்.